பெற்றோர் கையொப்பம்

விளையாட்டு விழா, விஞ்ஞானக் கண்காட்சி, இலக்கிய மன்றம் ஆகியவற்றின் செய்திகள் நிறைந்த ஆண்டு மலரில் ஒரு தடுப்பூசியைப் பற்றிய கட்டுரைக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். அதுவும் வீட்டுப் பெரியவர்களே குரலைத் தாழ்த்திப் பேசுகின்ற ஒரு நோய்க்கான ஊசி! ஆயினும், பெண்களுக்கென்றே நடத்தப்படும் ஒரு பள்ளி, பெண்களையே தாக்கும் ஒரு நோயைப் பற்றி வாய் திறவாமல் இருப்பது முறையாகுமா? கணக்கும் ஆங்கிலமும் கற்பிக்கும் நாம், உயிர் காக்கும் செய்தியை மட்டும் ஒளித்து வைக்கலாமா? ஆகவே பெற்றோரும் அருட்சகோதரியரும் மாணவிகளும் ஒன்றாக அமர்ந்து எண்ணிப் பார்க்கவேண்டிய சில கருத்துகளை இங்கே முன்வைக்கிறோம்.

அந்த நோய் கருப்பை வாய்ப் புற்றுநோய். 2022ஆம் ஆண்டுக்கான உலகளாவிய மதிப்பீட்டின்படி, இந்தியாவில் ஓராண்டில் ஏறத்தாழ 1,27,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டது. ஏறத்தாழ 80,000 பேர் இதனால் மாண்டனர். அதாவது நாளொன்றுக்கு 200 பேருக்கு மேல். இவர்களில் பலர் நாற்பதிலும் ஐம்பதிலும் இருக்கும் குடும்பத் தலைவிகள். பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்கும் பருவத்தில், வீட்டின் விளக்கு அணைந்து போகிறது. உதிரப்போக்கு வழக்கத்திற்கு மாறாக இருந்தாலும் வெளியே சொல்லக் கூசி, வலி பொறுக்க முடியாத நிலையில்தான் மஞ்சக்குப்பம் அரசு மருத்துவமனைக்கோ, புதுச்சேரி ஜிப்மருக்கோ, சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்திற்கோ செல்லும் தாய்மார் எத்தனை பேர்! அடையாறு நிலையம் 1981இல் புற்றுநோய்ப் பதிவேடு ஒன்றைத் தொடங்கியபோது, சென்னைப் பெண்களிடையே முதலிடத்தில் நின்றது இந்த நோய்தான். பின்னர் நகரத்தில் இது குறைந்து, மார்பகப் புற்றுநோய் முதலிடத்திற்கு வந்தது. ஆனால் கிராமத்துத் தாய்மாரை இது இன்னும் விட்டபாடில்லை.

இந்நோய் எதனால் வருகிறது என்பதைக் கண்டறிந்த வரலாற்றில் கன்னியர் மடங்களுக்கும் ஓர் இடம் உண்டு என்பது நம் வாசகர்களுக்கு வியப்பாக இருக்கலாம். இத்தாலி நாட்டு வெரோனா நகரில் ரிகோனி ஸ்டெர்ன் என்னும் மருத்துவர், 1760 முதல் 1839 வரை அந்நகரில் நேர்ந்த இறப்புகளின் பதிவுகளை ஆராய்ந்து 1842இல் தம் முடிவை வெளியிட்டார். கருப்பைப் புற்றுநோய் மணமான பெண்களிடம் மிகுதியாகவும் கன்னியரிடம் அரிதாகவும் இருந்ததை அவர் கண்டார். காரணம் அவருக்கு விளங்கவில்லை. ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழிந்தபின், ஜெர்மானிய அறிஞர் ஹரால்ட் சூர் ஹவுசன் அந்தப் புதிரை விடுவித்தார். மனித பாப்பிலோமா வைரஸ் என்னும் கிருமியே காரணம் என்று அவர் மெய்ப்பித்தார். அதற்காக 2008இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. சுருக்கமாக எச்.பி.வி. எனப்படும் இக்கிருமியில் பல வகைகள் உண்டு. அவற்றுள் 16, 18 என்று எண்ணிடப்பட்ட இரு வகைகளே இப்புற்றுநோயில் நூற்றுக்கு எழுபதுக்குக் காரணமாகின்றன.

இக்கிருமி ஆண் பெண் உறவின் வழியே பரவுவது. பரவிய பலருக்கு உடலே அதனை ஓரிரு ஆண்டுகளில் வென்றுவிடும். ஆளுக்கே தெரியாமல் வந்து ஆளுக்கே தெரியாமல் போய்விடும். சிலரிடம் மட்டும் அது தங்கி, பதினைந்து இருபது ஆண்டுகள் மெல்ல மெல்ல வேலை செய்து புற்றுநோயாக முற்றுகிறது. தடுப்பூசி அது நுழையாமல் தடுக்குமே தவிர, நுழைந்துவிட்ட பின் விரட்டாது. ஆதலால்தான் 9 வயது முதல் 14 வயதுக்குள் ஊசி போடுவது சிறந்தது என்று மருத்துவர்கள் கூறுகின்றனர். அந்த வயதில் உடலின் எதிர்ப்பாற்றலும் நன்கு எழுகிறது. தேவனாம்பட்டினத்திலும் கிள்ளையிலும் வாழும் நம் மீனவப் பெற்றோருக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. வலையைச் சீர் செய்வது கரையில். கடலுக்குப் போன பிறகு அன்று.

ஊசியால் பயன் உண்டா? உண்டு என்பதற்கு இன்று கணக்கு இருக்கிறது. ஸ்காட்லாந்தில் 12, 13 வயதில் முறையாக ஊசி போட்டுக்கொண்ட பெண்கள் வளர்ந்து இருபதுகளை எட்டிய நிலையில், அவர்களில் ஒருவருக்குக்கூட முற்றிய கருப்பை வாய்ப் புற்றுநோய் காணப்படவில்லை என்று 2024 ஜனவரியில் ஆய்வு முடிவு வெளிவந்தது. நம் நாட்டிலேயே சிக்கிம் மாநிலம் 2018இல் பள்ளிகள் வாயிலாக ஏறத்தாழ எல்லாச் சிறுமியருக்கும் இந்த ஊசியைப் போட்டு முடித்தது. வெளிநாட்டு ஊசி ஒன்றுக்கே சில ஆயிரம் ரூபாய் என்றிருந்த நிலையில், புனே நகரின் சீரம் நிறுவனம் தயாரித்த செர்வாவாக் என்னும் இந்திய ஊசிக்கு 2022இல் ஒப்புதல் கிடைத்தது. 2025 மார்ச்சில் தமிழ்நாடு அரசின் வரவு செலவுத் திட்டத்தில், 14 வயதுச் சிறுமியருக்குப் படிப்படியாக இந்த ஊசியை வழங்க 36 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. ஆகவே, இது எங்கோ பணக்காரர் வீட்டுப் பேச்சு என்ற நிலை மாறிவிட்டது. முந்திரித் தோப்பில் கூலி வேலை செய்யும் தாயின் கைக்கும் ஒப்புதல் படிவம் வரும் காலம் இது. அதில் கையொப்பமிடுமுன் பெற்றோர் மூன்று தடைகளைத் தாண்டியாக வேண்டும் என்று நாம் கருதுகிறோம்.

முதல் தடை வெட்கம். "எங்கள் பெண்ணை ஒழுக்கமாக வளர்க்கிறோம், அவளுக்கு எதற்கு இந்த ஊசி?" என்பதே பெரும்பாலான பெற்றோரின் முதற்கேள்வி. கேள்வியில் உள்ள பாசத்தை மதிக்கிறோம். ஆனால் அதில் அடங்கியுள்ள எண்ணம் சரியானதன்று. இந்நோயால் மாயும் நம் நாட்டுத் தாய்மாரில் பெரும்பாலோர், கணவன் ஒருவனையன்றி வேறொருவரை அறியாத குடும்பப் பெண்கள். ஒருத்தியின் ஒழுக்கம் அவளைத் தவற்றிலிருந்து காக்கும். பிறரிடமிருந்து வரும் கிருமியிலிருந்து காக்குமா? நாளை நாம் தேடிக் கொடுக்கப்போகும் மாப்பிள்ளையின் ஜாதகத்தையும் சம்பளத்தையும் பார்க்கலாம். அவர் உடலில் எப்போதோ தங்கிய, அவருக்கே தெரியாத கிருமியைப் பார்க்க முடியுமா? ஆண் பிள்ளைகளுக்கும் இதே ஊசியை ஆஸ்திரேலியா 2013 முதல் போட்டுவருகிறது. இது பெண்ணின் நடத்தை மீது வைக்கும் ஐயம் அன்று என்பதற்கு அதுவும் ஒரு சான்று.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். மஞ்சட்காமாலை வகைகளில் ஒன்றான ஹெபடைடிஸ் பி இரத்தத்தின் வழியாகவும் ஆண் பெண் உறவின் வழியாகவும் பரவுவது. அதற்கான ஊசியை நம் அரசு மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைக்கு 24 மணி நேரத்திற்குள் போடுகின்றனர். தொட்டிலில் கிடக்கும் சிசுவின் ஒழுக்கத்தை ஐயுற்றார்கள் என்று எந்தத் தாயாவது கோபித்துக்கொண்டதுண்டா? ஊசி போட்டால் பெண்கள் வழி தவறிவிடுவார்கள் என்ற அச்சமும் பல நாடுகளில் ஆராயப்பட்டது; ஊசி போட்டவர்க்கும் போடாதவர்க்கும் நடத்தையில் வேறுபாடு காணப்படவில்லை. ஒழுக்கம் வீட்டிலும் வழிபாட்டிலும் முன்மாதிரியிலும் வளர்வது. அதைக் காக்கும் பொறுப்பைப் புற்றுநோயின் மீதான அச்சத்திடம் ஒப்படைக்க நாம் விரும்பவில்லை.

கத்தோலிக்கப் பள்ளிகளுக்கு இந்தக் கேள்வி புதிதன்று. கனடா நாட்டுக் கால்கரி நகரில் 2008இல், அந்நகர ஆயரின் அறிவுரையை ஒட்டி, கத்தோலிக்கப் பள்ளி நிர்வாகம் தன் பள்ளிகளில் இந்த ஊசி போடுவதை அனுமதிக்கவில்லை. பெற்றோர் வெளியே சென்று போட்டுக்கொள்ளலாம் என்றனர். நடந்தது என்ன? வசதியும் ஓய்வும் உள்ள சிலர் சென்றனர், பலர் செல்லவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து, 2012 நவம்பரில், அதே நிர்வாகம் வாக்கெடுத்துத் தன் முடிவை மாற்றிக்கொண்டது. பள்ளியின் கதவு மூடியிருந்தபோது நட்டமடைந்தவர்கள் ஏழை வீட்டுப் பெண்களே என்பது நாம் மறக்கக்கூடாத பாடம்.

இரண்டாம் தடை அச்சம். 2017 பிப்ரவரியில் நம் மாநிலத்தில் தட்டம்மை, ரூபெல்லா ஊசி முகாம் தொடங்கியபோது, செல்பேசிகளில் பரவிய வதந்தியால் எத்தனை பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துக்கொண்டனர்! எச்.பி.வி. ஊசிக்கும் அப்படிப்பட்ட காலம் வந்ததுண்டு. கன்னியர் நடத்தும் பள்ளிகள் நிறைந்த அயர்லாந்தில், 87 விழுக்காட்டை எட்டியிருந்த ஊசியின் அளவு, பக்கவிளைவு பற்றிய வதந்திகளால் 2016-17ஆம் கல்வியாண்டில் 51 விழுக்காடு அளவுக்கு வீழ்ந்தது. அப்போது லாரா பிரென்னன் என்னும் இளம்பெண் முன்வந்தார். 24 வயதில் கருப்பை வாய்ப் புற்றுநோய் கண்டு, அது குணமாகாது என்று அறிந்தபின்னும், தம் நோயை மறைக்காமல் தொலைக்காட்சியிலும் பத்திரிகையிலும் தோன்றிப் பெற்றோரிடம் பேசினார். பெற்றோர் மனம் மாறத் தொடங்கியது. 2019 மார்ச்சில், 26 வயதில் அவர் மறைந்தார்.

ஊசியால் ஒரு துன்பமும் இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஊசி போட்ட இடத்தில் வலியும் வீக்கமும் வரும். சிலருக்குத் தலைவலியும் இலேசான காய்ச்சலும் வரலாம். வளரிளம் பெண்கள் எந்த ஊசிக்கும் மயங்கி விழுவதுண்டு. அதனால் போட்டபின் 15 நிமிடமாவது உட்கார்ந்திருக்க வேண்டும். மிக அரிதாகக் கடுமையான ஒவ்வாமை ஏற்படலாம். அதற்கு மருந்துடன் மருத்துவர் அருகில் இருக்க வேண்டும். ஊசியில் உயிருள்ள கிருமி இல்லை. கிருமியின் மேலுறையைப் போன்ற புரதம் மட்டுமே உள்ளது. செர்வாவாக்கில் அந்தப் புரதத்தை ஒருவகை ஈஸ்டைக் கொண்டு உருவாக்குகின்றனர். ஆகவே ஊசியால் அந்நோய் தொற்றாது. காய்ச்சலாக இருக்கும் பிள்ளைக்கு ஊசியைத் தள்ளிப்போடுவது நல்லது. ஒவ்வாமை உள்ள பிள்ளையைப் பற்றி மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்வது அவசியம்.

மூன்றாம் தடை மற்ற இரண்டையும்விடப் பெரிது. அது அவசரம். இதில் குற்றம் பெற்றோருடையது அன்று; பெற்றோரின் இடத்தில் நிற்பவர்களுடையது. ஆகவே இதை அருட்சகோதரியரும் ஆசிரியைகளும் விடுதிப் பொறுப்பாளர்களும் ஊன்றிப் படிக்குமாறு வேண்டுகிறோம்.

2009இல் பாத் என்னும் அமெரிக்க நிறுவனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவுடனும் மாநில அரசுகளுடனும் சேர்ந்து, அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் இந்த ஊசியைச் சிறுமியருக்குப் போட்டுப் பார்க்கும் திட்டத்தைத் தொடங்கியது. கம்மத்தில் மட்டும் ஏறத்தாழ 14,000 பேர்; 10 முதல் 14 வயது வரை உள்ளவர்கள். அவர்களில் பலர் பழங்குடியினர். விடுதிகளில் தங்கிப் படித்தவர்கள். திட்டம் நடக்கையில் இரு மாநிலங்களிலுமாக 7 சிறுமியர் இறந்த செய்தி வெளிவந்து, 2010 ஏப்ரலில் அது நிறுத்தப்பட்டது. அம்மரணங்கள் ஊசியால் நேர்ந்தவை என்பதற்கு விசாரணையில் ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனால் வேறொரு குற்றம் வெளிப்பட்டது. ஆந்திரத்தில் பார்வையிடப்பட்ட 9,543 ஒப்புதல் படிவங்களில் 2,763 படிவங்களில் கையொப்பமிட்டிருந்தவர்கள் பெற்றோர் அல்லர், விடுதிக் காப்பாளர்கள்! 1,948 படிவங்களில் கைரேகை மட்டுமே இருந்தது. 2013 ஆகஸ்டில் நாடாளுமன்ற நிலைக்குழு தன் அறிக்கையில் இதனைக் கடுமையாகக் கண்டித்தது.

அந்த விடுதிக் காப்பாளர்கள் கெட்ட எண்ணத்துடன் செய்தார்கள் என்று சொல்ல மாட்டோம். பெற்றோர் தொலைவில் இருக்கிறார்கள், படிக்கத் தெரியாதவர்கள், நல்ல காரியந்தானே என்று எண்ணியிருக்கலாம். விளைவு என்ன? நல்ல ஊசி ஒன்றின் மீது நாடெங்கும் ஐயம் படிந்தது. அது அகலப் பல ஆண்டுகள் ஆயின. அந்த ஆண்டுகளில் ஊசிக்குரிய வயதைத் தாண்டிப்போன சிறுமியர் எத்தனை ஆயிரம்! பெற்றோரைக் கேட்காமல் செய்த நன்மை, நன்மையாக நிலைக்கவில்லை.

இதில் ஒரு விந்தையும் உண்டு. அதே காலத்தில், திண்டுக்கல் மாவட்டத்து அம்பிளிக்கை உள்ளிட்ட இந்திய மையங்கள் சிலவற்றில், இரண்டு ஊசி போதுமா, மூன்று வேண்டுமா என்னும் வேறோர் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. 2010 ஏப்ரலில் அதிலும் ஊசி போடுவது நின்றது. ஏறத்தாழ 5,000 சிறுமியர் ஒரே ஊசியோடு நின்றுவிட்டனர். மருத்துவர்கள் அவர்களைக் கைவிடாமல் பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். 16, 18 ஆகிய இரு வகைக் கிருமிகளும் உடலில் நிலைத்துத் தங்குவதை ஒற்றை ஊசியே 95 விழுக்காடு அளவுக்குத் தடுத்தது என்று 2021இல் தெரியவந்தது. 2022 டிசம்பரில், ஒரே ஊசி அட்டவணையும் ஏற்கத்தக்கது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவிக்க உதவிய சான்றுகளில் நம் நாட்டுச் சிறுமியரின் இந்தச் சான்றும் ஒன்று. உலகம் கற்ற பாடத்தில் தமிழ்நாட்டுப் பெண்களின் பங்கும் இருக்கிறது.

நம் விடுதிப் பிள்ளைகளை எண்ணிப் பார்ப்போம். தந்தை சிங்கப்பூரிலோ வளைகுடா நாட்டிலோ இருப்பார். தாய் காட்டுமன்னார்கோயில் பக்கம் நாற்று நட்டுக்கொண்டிருப்பார். மதிப்பெண் அட்டையில் கையொப்பம் வாங்குவதே அரும்பாடு. அப்படியிருக்கையில், "சிஸ்டரே போட்டுவிடட்டும், அவர்களுக்குத் தெரியாததா?" என்று சொல்லும் பெற்றோர் பலர் உண்டு. அந்த நம்பிக்கை விலை மதிப்பற்றது. அதனால்தான் அதை இவ்விதம் செலவிடக்கூடாது என்கிறோம். விடுதிப் பொறுப்பாளர் பிள்ளைக்குச் சோறிடலாம், படிக்க வைக்கலாம், காய்ச்சலில் இரவெல்லாம் விழித்திருக்கலாம். பெற்றோரின் கையொப்பத்தை மட்டும் அவர் இடக்கூடாது.

ஆகவே பள்ளி செய்யவேண்டியது யாது? படிவத்தைப் பிள்ளையின் புத்தகப் பையில் போட்டு அனுப்பிவிட்டுக் கடமை முடிந்தது என்றிருக்கலாகாது. பெற்றோர் கூட்டத்திற்கு அரசு மருத்துவரையோ செவிலியரையோ அழைத்து, தமிழில், புரியும்படி பேசச் செய்ய வேண்டும். கடலூரில் ஒரு கூட்டம், சிதம்பரத்தில் ஒரு கூட்டம் என்று வைத்தால், கூலி நாளை இழக்காமல் ஞாயிறு மாலையில் வந்துபோகலாம். எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்குப் படிவத்தை முழுவதும் படித்துக் காட்டி, அவர் கேட்பதற்கெல்லாம் விடை சொன்ன பிறகே கைரேகை பெற வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் தந்தையுடன் தொலைபேசியில் பேச அவகாசம் தர வேண்டும். வேண்டாம் என்று சொல்லும் பெற்றோரின் பிள்ளையை வகுப்பில் எழுப்பி நிறுத்திக் காரணம் கேட்கலாகாது.

பெற்றோர் செய்யவேண்டியது என்ன? கேளுங்கள், தயங்காமல் கேளுங்கள். எந்த ஊசி, எத்தனை முறை, யார் போடுகிறார்கள், பிறகு உடல்நலம் குன்றினால் யாரிடம் போவது என்று கேட்டறிந்து முடிவு செய்யுங்கள். எங்கள் கருத்து என்னவென்று கேட்டால், போடுங்கள் என்றே சொல்வோம். ஆனால் நாங்கள் சொன்னதற்காகப் போடாதீர்கள். நீங்கள் தெளிந்ததற்காகப் போடுங்கள். மகளிடமும் இரண்டு வார்த்தை பேசுங்கள். பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு, "பெரியவளானபின் கருப்பையில் வரக்கூடிய புற்றுநோயைத் தடுக்கும் ஊசி இது" என்று சொன்னால் நன்றாகவே புரியும். மாணவிகளே, நீங்களும் வெட்கப்படாமல் உங்கள் அம்மாவிடம் கேளுங்கள். உங்கள் உடல் இறைவன் தந்த கொடை; அதைப் பற்றி அறிவது பாவமன்று.

தாய்மாருக்கு மற்றுமொரு சொல். உங்கள் மகளுக்கு ஊசி, உங்களுக்குப் பரிசோதனை. புளிக்காடியில் உள்ள அமிலத்தையே நீர்த்த கரைசலாக்கிக் கருப்பை வாயில் தடவி, வெண்ணிறத் திட்டு தோன்றுகிறதா என்று பயிற்சி பெற்ற செவிலியர் பார்க்கும் எளிய சோதனை அது. சில நிமிடங்களில் முடியும். 2000ஆம் ஆண்டில் திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களிடையே இச்சோதனை தொடங்கப்பட்டது. இந்நோயால் நேரும் மரணம் அதனால் 35 விழுக்காடு குறைந்ததை 2007இல் ஆய்வாளர்கள் உலகுக்கு அறிவித்தனர். இன்று நம் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அரசு மருத்துவமனைகளிலும் 30 வயதைக் கடந்த பெண்களுக்கு இலவசமாகப் பரிசோதனை செய்கின்றனர். ஊசி போட்ட மகளும் அந்த வயதை அடையும்போது இச்சோதனையைச் செய்துகொள்ளத்தான் வேண்டும். ஏனெனில் ஊசி எல்லா வகைக் கிருமிகளையும் தடுப்பதில்லை. பிள்ளைக்காகப் பள்ளிக்கு வரும் தாய், தமக்காகவும் ஒருமுறை மருத்துவமனை வாசலை மிதிக்க வேண்டும்.

வெள்ளமும் புயலும் கண்டது நம் கடலூர் மண். 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை நமக்குச் சொல்லாமல் கொள்ளாமல் எத்தனையோ வீடுகளை வாரிக்கொண்டு போயிற்று என்று வருந்துகிறோம். இந்த நோயோ இருபது ஆண்டுகளுக்கு முன்பே நமக்கு அறிவிப்புத் தருகிறது. அறிவிப்பைப் பெற்றும் வெட்கத்தாலோ அச்சத்தாலோ வாளாவிருந்தால், நாளை நம் பெண்களின் பிள்ளைகளுக்கு என்ன விடை சொல்வோம்?

படிவம் வரும்போது அதில் ஒரு கோடு வெறுமையாக இருக்கும். பெற்றோரே, அந்தக் கோடு உங்களுடையது. அதைப் பள்ளிக்கு விட்டுவிடாதீர்கள். பக்கத்து வீட்டுப் பேச்சுக்கும் விட்டுவிடாதீர்கள். படித்து, கேட்டு, மகளோடும் பேசி, இறைவன் தந்த அறிவைக் கொண்டு உங்கள் கைப்பட அதை நிரப்புங்கள்.